எதிர்வீட்டு ராஜாசாரஸ்

மே 4, திங்கள்

கத்திரி இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று காலண்டர் சொல்கிறது. தூத்துக்குடிக்கு அது போன வாரமே வந்து இறங்கிவிட்டது. காலையில் டைனோசர் அலமாரி துடைக்கும் வேலை. மேல் தட்டு கொம்பு வைத்தவை, நடுத்தட்டு கழுத்து நீண்டவை, கீழே கடல் பிராணிகள். சின்ன பிரஷ்ஷால் பல் இடுக்கு, விரல் இடுக்கு எல்லாம். ஸ்டெகோசாரஸ் முதுகுத் தகடுகளில் உப்புப் பிசுக்கு. இந்த ஊர்க் காற்றில் எந்த மிருகமும் இரண்டு நாள் சுத்தமாக இருக்காது.

இவர் டீத் தம்ளரோடு வந்து நின்று, "பல்லிக்கெல்லாம் குளிப்பாட்டு முடிஞ்சுதா?" என்றார். இத்தனை வருஷத்தில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. எந்த லாரிக்கு எந்த டயர் என்று மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

ஆபீஸில் நாள் முழுக்க ஊரார் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்தேன். ஊரார் சரக்கெல்லாம் என் கையால் துறைமுகத்தை விட்டு வெளியே போகிறது. என் பார்சல் வந்தால் மட்டும் 'டாய்ஸ்' என்று கஸ்டம்ஸில் உட்கார்ந்துவிடும். டாய்ஸாம். அளவு பார்த்து, எலும்பு பார்த்து, தோல் மடிப்பு பார்த்துச் செய்த மாடல். யாரிடம் சொல்ல.

சாயந்தரம் எதிர்வீட்டு ஃபிலோமினா வாசலில் நின்று கூப்பிட்டாள். (இனி ஃபி. முழுப்பேர் எழுத மை செலவழிக்க மாட்டேன்.) புருஷன் சேவியர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். லீவு முடிந்து நேற்றுத்தான் கிளம்பினான். போகும்போது கையில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனானாம், அக்கா வந்து பார்க்க வேண்டுமாம். போனேன்.

ராஜாசாரஸ்.

குனிந்து பார்த்தேன். நர்மதைப் பக்கம் எலும்பு கிடைத்த நம் நாட்டு மிருகம். இதை ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவு. இது ஒரு சின்ன கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் செய்து நிறுத்திவிட்ட மாடல். எத்தனை வருஷமாக நெட்டில் தேடுகிறேன். நெற்றியில் அந்தக் குமிழ்க் கொம்பு. உதட்டுக்குள் அடங்கிய பல். இத்துனூண்டு கை, ஆனாலும் விரல் தனித்தனியாக. வயிற்றில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மடிப்பு.

"ராசாவாம்க்கா இது. நீங்கதான சொன்னீங்க, நம்ம நாட்டுதுன்னு. நான் அவங்ககிட்ட சொன்னேன். எங்கெங்கயோ தேடி எடுத்துட்டு வந்துட்டாங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மக்ரூன் கொடுத்தாள். தின்றேன். இனிப்பே தெரியவில்லை. வயிறு எரிகிறது. வேறு சொல் இல்லை.

மே 5, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

எழுதிப் பார்த்தால் ஆறுமா என்று பார்க்கிறேன்.

என்னிடம் இருந்து ஃபி. எடுத்துக்கொண்டவை:
– சேர்க்கும் பைத்தியம் (போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கொலுசு டிசைன் காட்ட வந்தவள் என் அலமாரியைப் பார்த்து வாய் பிளந்தாள். அடுத்த மாதமே அவள் வீட்டில் ஒரு ட்ரைசெராடாப்ஸ்)
– உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் அது தப்பான பொம்மை, ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்ற பாடம்
– வால் தரையில் இழுபடக்கூடாது என்ற பாடம்
– ராஜாசாரஸ் என்ற பெயர் (இனி ரா.சா.)

ஃபி.யிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது:
– மக்ரூன்

ஆறவில்லை.

அவளுக்கு இதில் என்ன தெரியும். டைனோசரையும் பறக்கிற டெரோசாரையும் ஒரே தட்டில் வைத்து 'குடும்பம்' என்கிறாள். பெட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டாள். பெட்டியை. அழுகை வந்தது எனக்கு.

இவரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "எதுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பல்லியா? நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க" என்று ரசம் கேட்டார்.

எனக்கு அந்த பொம்மை மேல்தான் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் கிடைத்த நாலு மணி நேரத்தில், தூங்காமல் கொள்ளாமல், பெண்டாட்டி சொன்ன ஒரு பெயரை மனசில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான் பார், அதுதான் எரிகிறது. எழுதிவிட்டேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

மே 7, வியாழன்

காய்கறி வண்டி. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சீனி அவரைக்காய். வண்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வீட்டு டீச்சர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"செல்வி வீட்டுலயும் கெடக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஃபிலோ வீட்டுல இருக்கே ஒண்ணு, உசுரு இருக்க மாதிரில்லா இருக்கு."

கெடக்கு! என் வீட்டில் கிடக்கிறது, அவள் வீட்டில் இருக்கிறது. வெங்காயத்தைத் திருப்பிக் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். பிறகு சாம்பாருக்கு இல்லாமல் மறுபடி போய் வாங்கினேன். வண்டிக்காரர் சிரித்தார்.

மத்தியானம் ஆபீஸில் ஒரு பில்லில் சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ராஜா' என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, நானே பார்த்தேன்.

மே 8, வெள்ளி

அனல். மாடிக் குழாயில் தண்ணீர் கொதிக்கிறது.

தயிருக்கு உறை வாங்கும் சாக்கில் ஃபி. வீடு. (என் வீட்டில் உறை இருக்கிறது.) அவள் அடுக்களைக்குப் போன நேரம் ஷோகேஸ் பக்கம் போனேன். மேற்கு ஜன்னலை ஒட்டி வைத்திருக்கிறாள், மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகக் கண்ணாடியில். ரா.சா. வலது கணுக்கால் லேசாக வளைந்திருக்கிறது. தெரியாதவர்கள் கண்ணில் படாது. என் கண்ணில் பட்டது.

இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் இளகும். இரண்டு காலில் நிற்பதெல்லாம் முதலில் கணுக்காலில் கொடுக்கும், அப்புறம் முன்னால் சாயும், அப்புறம் விழும். போன கோடையில் என் அலோசாரஸ் கும்பிட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் இன்னும் மோசம். இடத்தை மாற்றினால் போதும். ஒரு வார்த்தை.

உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெருவைக் கடக்கும்போது சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பாட்டு முணுமுணுத்தேன். இவர்கூட "என்ன, போனஸ் போட்டுட்டானா?" என்று கேட்டார்.

மே 9, சனி

அரை நாள் ஆபீஸ். கருவாட்டுக் குழம்பு. குழம்பில் உப்பு கூடிப் போச்சு.

சொல்லிவிடலாம் என்று மத்தியானம் செருப்பை மாட்டினேன். அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஃபி. சேவியரோடு வீடியோ காலில். கப்பலில் சிக்னல் விட்டு விட்டு வரும் போல, கத்திக் கத்திப் பேசுகிறாள். போனை ரா.சா. பக்கம் திருப்பி, "பாத்தீங்களா, உங்களையே பாத்துக்கிட்டு நிக்குதான்" என்றாள். 'நிக்குதான்.' 'நிக்குது' என்ற அஃறிணைகூட இல்லை.

திரும்பி வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றி எறிந்ததில் ஒன்று மோட்டார் ரூம் பக்கம் போய் விழுந்தது. விழட்டும் என்றேன். செருப்பைச் சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

விழுந்துவிட்டது.

அவள் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டே வந்தாள். முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வலது கால் வளைந்து போச்சு, நிற்காது. விழுந்த வேகத்தில் இடது கை தோளோடு கழன்றுவிட்டது. இருந்ததே இத்துனூண்டு கை. அதையும் தனியாக ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

நான் நினைத்தது: இந்தக் காட்சியைப் பார்த்தால் உள்ளே குளிரும் என்று. குளிரவில்லை. அவள் அழுகிற அழுகை பொம்மைக்கு அழுகிற அழுகை மாதிரி இல்லை. "அவங்க வாரதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குக்கா. என்னத்தச் சொல்லுவேன்" என்றாள்.

சொல்லிவிட வேண்டிய நேரம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"யாரோ கண்ணு வச்சுட்டாங்கக்கா."

வாயை மூடிக்கொண்டேன்.

தெருவில் ஆளாளுக்கு வந்து பார்த்தார்களாம், டீச்சர் 'உசுரு இருக்க மாதிரி' என்று சொன்ன அன்றைக்கே அவளுக்கு மனசு என்னமோ செய்ததாம். கோயில் தீர்த்தம் தெளித்துப் பார்த்தாளாம். காலுக்குக் கேட்கவில்லை. "நீங்க உங்க முறைப்படி ஒரு தடவை சுத்திப் போடுங்கக்கா. பாதருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. நமக்குள்ள இருக்கட்டும்."

என் மகளுக்குச் சின்ன வயசில் நான் சுற்றிப் போட்டு ஃபி. பார்த்திருக்கிறாள். என் கை ராசியாம்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல? இன்றைக்கு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 12, செவ்வாய்

விளக்கு வைக்கிற நேரம். கல்லுப்பு ஒரு கைப்பிடி, மிளகாய் வத்தல், முச்சந்தி மண் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் தாளில் மடித்துத் திருடி மாதிரி தெருவைக் கடந்தேன்.

ஃபி. ஸ்டூலில் துண்டு விரித்து, ரா.சா.வைக் கிழக்கே பார்க்கப் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் தீப்பெட்டி, கையோடு. மாதா படத்துக்கு முன்னால் திரை இழுத்துவிட்டிருந்தாள். பொம்மைக்குச் சுற்றிப் போட்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பு வரவில்லை.

சுற்ற ஆரம்பித்தேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, பக்கத்து வீட்டுக் கண்ணு. அடுத்து வருவது எது என்று நாக்குக்குத் தெரியும். நின்றுவிட்டது. உப்பு கையில் ஈரமாகிறது.

ஃபி. கண்ணை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள்: "எதுத்த வீடு, அக்கா."

எதுத்த வீட்டுக் கண்ணு.

சிரட்டைக் கனலில் போட்டோம். உப்பு வெடித்தது. வத்தல் கருகியது. நெடி துளிகூட இல்லை. கண்ணு இருந்தால் நெடி வராது, எல்லாருக்கும் தெரியும். "பாத்தீங்களா, எம்புட்டுக் கண்ணு இருந்துருக்கு" என்று ஃபி. பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. ரா.சா.வைத் தூக்கிக்கொண்டு நேரே ஷோகேஸுக்குப் போனாள், அதே தட்டில் சுவரோடு சாய்த்து வைக்க.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அங்கன வைக்காதளா. மத்தியானத்துக்கு மேல வெயில் விழும். காலு இளகித்தான் விழுந்துருக்கு. நான் வெள்ளிக்கிழமையே பாத்தேன். சொல்லல."

"ஏன்க்கா?"

"வயித்தெரிச்சல்."

அவள் ரா.சா.வை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று சொல்வாள், வாசலில் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். கனல் அணைந்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மட்டுந்தான் இருக்கும்னு நெனச்சீங்களாக்கா? தெனமும் சாயந்தரம் உங்க வீட்டு அண்ணாச்சி வண்டி வந்து நிக்குத சத்தம் கேக்கும். நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சுருதேன். எத்தன வருசமா."

கோபமாகச் சொல்லவில்லை. பால் விலை சொல்வது போலச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் வீடுதானே எதிர்வீடு. இத்தனை நாள் தோன்றவே இல்லை.

வெந்நீர் போடச் சொன்னேன். காலை முக்கி, நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் பிடித்தேன். அவள் வாலைப் பிடித்துக்கொண்டாள். நின்றது. கையைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறது, காய வேண்டும். வடக்குச் சுவர் அலமாரியில் வைத்தோம். இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும் பேசினோம்.

தாளில் உப்பும் இரண்டு வத்தலும் மிச்சம் இருந்தன. எடுத்துக்கொண்டு வந்தேன்.

இவர் வந்தார். டயர்க் கறுப்பு கையோடு சோபாவில் உட்காரப் போனவரைப் பிடித்துக் கிழக்கே பார்க்க நாற்காலியில் உட்கார வைத்தேன். "எனக்கு எதுக்குளா? இந்தக் கறுப்பு மூஞ்சிக்கு எவ கண்ணு வைக்கப் போறா?" என்றார். பேசாமல் உட்காருங்கள் என்றேன். மூன்று சுற்று. எதுத்த வீடு வரைக்கும் எதையும் விடாமல் சொன்னேன்.

வத்தலை அடுப்பில் போடும் முன்னால் ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். நெடி வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டாம்.