வெள்ளை வேண்டாம்

ஞாயிறு, தெப்ராவ்

குளியலறைக்குச் சாமான் வாங்க இன்று கடைக்குப் போனோம். அலமாரி, முக்காலி, கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் என் மனைவி கல்யாணி வெள்ளையிலேயே எடுத்தாள். காப்பி நிறத்தில் எடுக்கலாம் என்று நான் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வெள்ளைதான் அழகு என்று கடைக்காரப் பெண்ணும் அவளுக்கு ஒத்து ஊதினாள்.

“வெள்ளைன்னா ஒரு சொட்டு பட்டாலும் தெரியும்லா,” என்றாள் கல்யாணி.

அதுதான் எனக்கு வேண்டாம். வீடு வாங்கியபோதே இருந்த மெரூன் நிறத் தொட்டியில் எதுவும் தெரியாது. போன மாதம் ஃபேக்டரிக் கழிப்பறையின் வெள்ளைத் தொட்டியில்தான், என் சிறுநீர் சிவந்து போவதை முதலில் பார்த்தேன். சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டால் அப்படித்தான் போகும். அவளிடமும் அதையே சிரித்துக்கொண்டு சொன்னேன். முந்தாநாளும் சிவப்பாகத்தான் போனது.

திரும்பும் வழியில் பழக்கடையைப் பார்த்ததும், “நிறுத்து, டிராகன் பழம் வாங்கிக்கலாம்,” என்றேன். பழம் வீட்டில் இருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும். அவள் காரை நிறுத்தவில்லை.

“பழம் வாங்கி மூணு வாரமாச்சுங்க,” என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க துணிய நான்தானே துவைக்கிறேன்.”



சனிக்கிழமை வெள்ளைத் தொட்டி வைக்க வருகிறார்கள். இப்போது எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும். மெரூன் தொட்டிதான். இருந்தாலும் விளக்கைப் போட மாட்டேன்.