சேற்றில் நின்ற அவலூர்பேட்டை பஸ்

கிணற்று உருளைக்கு இன்று தேங்காய் எண்ணெய் விட்டேன். மழைக்காலம் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அது உன் வேலை என்று இருந்துவிட்டேன். துருவும் எண்ணெயும் கலந்த வாசனை எழுந்ததும் கயிற்றை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நீ போய் இது முதல் மழைக்காலம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் என் கணவர் காய்ச்சலில் இறந்தபோது, நீதான் உன் பெட்டியோடு செஞ்சியில் உள்ள இந்த வீட்டுக்கு வந்தாய். அவலூர்பேட்டைப் பள்ளியில் நீ விஞ்ஞான டீச்சர், நான் தமிழ் டீச்சர். ஊர் பேசும் என்று வெளியே வர மறுத்துப் படுத்தே கிடந்தேன். ஒரு காலை என் புடவையை எடுத்துக் கையில் கொடுத்தாய்.

"எதுவும் தானா கெளம்பாதுடி. மொதல்ல நகர்றதுதான் கஷ்டம்" என்றாய்.

பஸ்ஸில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். என் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. தேய்த்துவிட்டபடி சொன்னாய்: "பஸ் நின்னுட்டுது. நம்ம ஒடம்பு இன்னும் போய்க்கினுதான் இருக்குது." பாடத்தில் அதற்குச் சடத்துவம் என்று பெயராம்.

ஏரிக்கரையில் பஸ் சேற்றில் இறங்கியது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. கண்டக்டர் எல்லோரையும் இறக்கினார். நீயும் அவருமாகச் சரளை அள்ளிப் போட்டீர்கள். கிணற்று உருளைக்கு உராய்வு ஆகாது, டயருக்கு உராய்வு இல்லாமல் ஆகாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போட்டாய். பிறகு, தள்ள வரும்படி என்னையும் கூப்பிட்டாய். யாராவது முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். ஒரு பெரியவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

வண்டி அசையவேயில்லை. பிறகு சட்டென்று கிளம்ப, தள்ளிய வேகத்தில் குப்புற விழுந்தேன். புடவையெல்லாம் சேறு. என் கணவர் போனபின் அன்றுதான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

ஓய்வு பெறும்வரை ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். போன கோடையில், மதியம் படுத்தவள் நீ எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் நீ எனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அதற்கொரு சொல் அகப்படவில்லை.

அதன்பிறகு வாசல் தாண்டவேயில்லை. பால்காரரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வேண்டியதைக் கொண்டுவந்து தந்தார்கள்.

இன்று சாயங்காலம் தனியாகக் கடைத்தெருவரை நடந்தேன். கத்தரிக்காய் வாங்கினேன். பிஞ்சாகப் பார்த்து எடுத்தாயா என்று கேட்க வீட்டில் ஆளில்லை. பிஞ்சாகத்தான் எடுத்திருந்தேன்.