படகு ஹீட்டரின் சிவப்பு பட்டன்

அன்பு மகன் வசீமுக்கு, பூந்தமல்லியிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை இஃபத்தும் அல்லாஹ் கிருபையில் சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டுமென்பதுதான் ஐந்து வேளையும் எங்கள் துஆ. தினமும் போனில் பேசுகிற அத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாதப்பா, உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தெரிந்தால் எனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது. இஃபத்துதான் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள்.

முதலில் வேலை, நீ தங்கியிருக்கிற படகின் வாட்டர் ஹீட்டர். நேற்று நீ "தெர்மோஸ்டாட்ட உட்டுட்டு டைரக்டா குடுத்துடட்டா அத்தா"ன்னு கேட்டதும் தொடாதே என்று கத்திவிட்டு போனை வைத்தவன், இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன். நம் ரிப்பேர் கடையில் அவசரமென்று வருகிறவர்களுக்கு நான் அப்படி ஒயரை நேராகக் கொடுத்து அனுப்பியதைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய், தப்பு என்மேல். மூடிய தொட்டியில் சூடு நிற்காமல் ஏறினால் வெடிக்கும், செய்யாதே. கரையிலிருந்து வருகிற கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்று. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துகிற அந்தத் தெர்மோஸ்டாட்டில் சின்னதாய்ச் சிவப்பு பட்டன் இருக்கும், டக்கென்று சத்தம் வருகிறவரை அழுத்திவிட்டு மூடியைப் போடு. பிறகு பம்ப்பைப் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிடு. காற்றடிக்காமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கரண்ட். அப்படியும் சுடாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரைச் சுட வைக்கிற எலிமெண்ட்டை மீட்டர் வைத்துப் பார், முள் அசையவில்லையென்றால் எலிமெண்ட் போச்சு, புதிது வாங்கு. நம் வீட்டில் மொட்டைமாடி டேங்கிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும், படகில் பம்ப் தள்ளினால்தான் உண்டு. குளிரில் தண்ணீர் உறையக் கூடாதென்று தொட்டியை வடித்தேன் என்றாயே, அதை நிரப்பாமல் நம் வீட்டு ஞாபகத்தில் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாய். வெறும் தொட்டி சூடேறி பட்டன் வெளியே துள்ளி கரண்டை நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு.

இது எனக்கு இரண்டாம் நாளே தெரியும் வசீம். மூடியைக் கழற்றி நீ அனுப்பிய போட்டோவிலேயே பட்டன் துள்ளி நிற்பது தெரிந்தது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. சொல்லவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவை "நல்லாக்கீங்களா, வெச்சிடறேன்" என்று வைக்கிற பிள்ளை, ஹீட்டர் கெட்டதிலிருந்து பதினோரு நாளாக தினமும் அழைக்கிறாய். அஸர் தொழுகைக்குப் பிறகு உன் அம்மா தலைவாரிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். நானும் வாசலில் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிறவன் கிளப்புகிற தூசியைச் சாக்கு வைத்துக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடி வருகிறேன். பிளக்கைக் காட்டு, ஒயரைக் காட்டு, படகை வெளியிலிருந்து காட்டு என்று நாளுக்கொன்றாய் இழுத்தடித்தேன். படகின் பாய்மரத்துக்கும் ஹீட்டருக்கும் என்னடா சம்பந்தம், நீயும் நடந்துபோய்க் காட்டினாய். உன் தாடியை, நீ நடக்கிற நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நீ இருமினாய். போனை வைத்ததும் உன் அம்மா, "புள்ள பச்சத்தண்ணில குளிச்சிகினு இருமுது, நீங்கல்லாம் இன்னா மெக்கானிக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். என் ஆசைக்கு உன்னைப் பத்து நாள் குளிரில் நிற்க வைத்துவிட்டேன், மன்னித்துவிடு மகனே.

ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே, ரப்பர் செருப்பு போட்டுக்கொள், அம்மா கட்டிக்கொடுத்த சுக்குப் பொடி மீதியிருந்தால் இருமலுக்குக் குடி. அல்லாஹ் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றுவானாக. சுடுதண்ணீர் வந்ததும் நன்றாகக் குளித்துவிட்டு போன் பண்ணு. அதற்கப்புறமும் பண்ணு, எதுவும் கெட்டுப்போகாவிட்டாலும் பண்ணு.

உன் அத்தா,
தஸ்தகீர்