கதவைத் திறந்துவைத்த டிரைவர்

நவம்பர் 12, புதன்

ஜனவரியில் சைபீரியா போகிறாயா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு சுரங்கத்தில் எங்கள் கம்ப்ரஸரை மாட்ட வேண்டும். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போன வருடம் அங்கே போய் வந்தவர் ஃபிட்டர் தனசேகர் அண்ணன், பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. தேர்வாய் ஃபேக்டரி கேன்டீனில் அவரைப் பிடித்தேன்.

"கடைசி நாப்பது கிலோமீட்டர் ரோடே கெடையாது நைனா. ஆறு உறைஞ்சி கெடக்குது, அதுமேலயே லாரி போவுது. நான் பெல்ட்டு போட்டேன். டிரைவர் கழட்டுன்னு கத்துறான். கதவ வேற தொறந்து வுட்டுக்கினு ஓட்டுறான்."

"எதுக்குண்ணா?"

"ஐஸ் உடைஞ்சா குதிக்க வாணாமா?"

ஐஸ் எவ்வளவு தடிமன், லாரி எத்தனை டன் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"இதக்கூட கேக்கலியா?"

"கேட்டிருந்தா ஏறியே இருக்க மாட்டேன். நீ கேக்குற ஆளு, போவாத."

எரிச்சலாக வந்தது. மணவாள நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் உட்கார்ந்து, உறைந்த ஆற்றில் லாரி ஓட்டுவது பற்றி நெட்டில் படித்தேன். வேகமாகப் போனால் அடியில் தண்ணீர் அலை எழுப்பி ஐஸை உடைத்துவிடுமாம். உடனே அண்ணனுக்கு போன் போட்டு, என்ன வேகத்தில் போனீர்கள் என்று கேட்டேன்.

"சைக்கிள்காரன் முந்திடுவான். எனக்குத் தூக்கமே வந்துடுச்சி."

அப்படியானால் அந்த டிரைவருக்குக் கணக்குத் தெரியும். போகிறேன் என்று மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் குளிரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

விளக்கை அணைக்க எழுந்தபோதுதான் தோன்றியது. கணக்குத் தெரிந்தவன் கதவை எதற்குத் திறந்துவைத்தான்?