மாதுளைக்குச் சோப்புப் போட்டது

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம், அம்மா சௌக்கியம், நீ நட்ட மாதுளையும் சௌக்கியம் என்று போனில் சொல்லி வந்தேனே, அதில் மூன்றாவது பொய். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதிவிடுகிறேன்: உன் மரத்தை நான் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். மழை விட்டதும் அடிமரம் முதல் கிளை வரை பச்சைப் பாசி, கம்பளி போர்த்தினாற்போல், பக்கத்துச் செம்பருத்தியிலும் அதே கோலம். பாசிதான் மரத்தை உறிஞ்சுகிறது என்று நானே முடிவுகட்டி, உன் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கம்பி நாரும் வாளியுமாக இறங்கிவிட்டேன். எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து முழுசாகப் பார்த்துவிட்டு, சார், துவட்டி விடலையா, சளி பிடிச்சுக்கப் போகுது என்றார். மாலைக்குள் தெருவே வந்து துக்கம் விசாரித்தது. அதுகூடப் பரவாயில்லை, பத்தே நாளில் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. இந்த மாசக் கடைசிக்குள்ள துளிர்க்கலைன்னா வெட்டிடலாங்க, ஸ்கூட்டர் நிறுத்தவாவது எடம் கெடைக்கும் என்று உன் அம்மா கெடு வைத்தாள். நீயோ போனில் முதலில் மரத்தை விசாரிக்கிறாய், அப்புறம்தான் என் முட்டிவலியை.

நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாசி ஒண்ணும் மரத்தைத் தின்னாது சார், சும்மா மேல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். தோலை உரிச்சது நீங்கதான்" என்றார். உன் அம்மா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நிழலும் ஈரமும் அடைசலுமாக இருந்தால் பாசி வரத்தான் செய்யும், காய்ந்த குச்சியை வெட்டி வெளிச்சமும் காற்றும் விடுங்கள், அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், மக்கிய எரு போடுங்கள் என்று சொல்லிப் போனார். அப்படியே செய்தேன், காய்ந்த குச்சியோடு என் சட்டைக்கை ஒன்றும் போனது.

நேற்றுக் காலை, கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், செக்கச்செவேலென்று துளிர். முதலில் பார்த்தது உன் அம்மாதான், ஸ்கூட்டர் வெயில்லயே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். இப்போது தெருவுக்கே நான்தான் மர வைத்தியர். டீச்சர்கூடத் தன் ரோஜாச் செடியைக் காட்டி யோசனை கேட்டார், கூசாமல் கொடுத்தேன்.

உன் பால்கனித் தொட்டியில் பாசி படர்ந்தால் பதறாதே, செடியை வெளிச்சத்துக்கு நகர்த்து, போதும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, என் முட்டியையும் கொஞ்சம் விசாரி.

இப்படிக்கு,
மர வைத்தியராகிவிட்ட உன் அப்பா

பி.கு.: துளிர்த்திருப்பது ஒரே ஒரு கிளைதான். ஸ்டூல் போட்டும் எட்டாததால் நான் தொடாமலே விட்ட கிளை, பாசியெல்லாம் அப்படியே இருக்கிறது.