மருதக்கோட்டு விருந்துக்குத் தேறல் தேர்ந்த வகை

திசையெட்டும் புகழ் மணக்க மருதக்கோட்டை ஆளும் கோடைவேள் மன்னவரின் முதலமைச்சர் இளம்பூதனார் திருமுன்னர், அரண்மனை மதுச்சாலைக் காவலர் முதுசேந்தனார் சொல்ல எழுதிய ஓலை. நும் வயல் விளைக. நும் குளம் நிறைக. நும் பல் உறுதியாய் இருக்க.

இக்காலத்து மாந்தர்க்கு வெட்கம் அறவே இல்லை என்பது முதுசேந்தனார் முதற்கண் தெரிவிப்பது. உப்பும் புளியும் வாங்கப் போன பலசரக்குக் கடையிலேயே தேறல் குடத்தையும் எடுத்து, கருவாட்டுக் கூடையோடு ஒரே தலைச்சுமையாய் வீடு சேர்கின்றனர். தேறல் வணிகன் வாசலில் நின்று, இன்ன கறிக்கு இன்ன தேறல் என்று கேட்டு வாங்கும் பொறுமை எவர்க்கும் இல்லை.

நிற்க. உடன்படிக்கை விருந்துக்குத் தேறல் தேர்க என்றும், தேர்வு பிழையானால் மதுச்சாலைத் திறவுகோலை ஒப்படைக்க என்றும் தாங்கள் விடுத்த ஆணைப்படி, தேறல் வணிகன் அந்துவனும் பலசரக்குக்காரி காரிக்கண்ணியும் ஆளுக்கொரு குடம் அவைக்குக் கொணர்ந்தனர். அந்துவன் குடம் கழுத்தும் மறையப் பட்டு சுற்றியது. அவளுடையது வெறுங்குடம், கழுத்தில் அரக்கால் ஒட்டிய ஒற்றை மிளகு, அவள் கடைக்குறி.

முதுசேந்தனார் அந்துவன் தேறலை ஒரு மிடறு பருகி, அமுதம் என்றார். காரிக்கண்ணி தேறலை அரை மிடற்றிலேயே துப்பி, பெருங்காயம் நாறுகிறது, குதிரை சம்மதித்தால் குளம்பு கழுவலாம் என்றார். அவையோர் அனைவரும் கேட்டனர்.

தேர்ந்த குடத்தின் கழுத்தில் காவலர் தம் மோதிரம் பொறிப்பது மதுச்சாலை வழக்கம். பொறிப்பதற்காக அந்துவன் குடத்துப் பட்டுத்துணியை விலக்கினால், அங்கும் ஒரு மிளகு!

மழை தொடங்கியதுமுதல் தேறல் ஏற்றிவரும் கலம் கரைக்கு வரவில்லை என்றும், காரிக்கண்ணி கடைக் குடத்தையே ஒரு திங்களாய் வாங்கிப் பட்டு சுற்றுவதாகவும் அந்துவன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். பெருங்காயம் தன் குடத்தில் இருக்கிறதா, பெரியவரின் மூக்கில் இருக்கிறதா என்று காரிக்கண்ணி மிகப் பணிவோடு வினவினாள். அவை சிரித்தது. வாயிலில் நின்ற குதிரைப்பாகனும் சிரித்தான்.

ஆணைக்கு உடன்பட்டுச் சொன்ன சொல் மாறும் வழக்கம் முதுசேந்தனார் குடியில் இல்லை. ஆகவே திறவுகோல் இவ்வோலையோடு வருகிறது. ஆயினும், பெருங்காயத்தோடு கிடந்த தேறல் அந்துவன் கடையில் ஒரு திங்கள் தங்கி நல்லொழுக்கம் கற்றது என்பதே அவர் துணிபு.

விருந்துக்கு வேண்டும் நாற்பது குடமும் காரிக்கண்ணி கடையிலேயே கொள்க. வாயிற்காவலர் அவள் வண்டியை மறியாது விடுக. இது மதுச்சாலை மோதிரம் பொறித்த கடைசி ஆணை, கண்டவர் நடத்துக.

ஓலை எழுதியவன் சேர்த்தது: மோதிரம் பொறித்தபின் முதுசேந்தனார், இரண்டும் ஒன்றல்ல, ஒருக்காலும் ஒன்றல்ல என்று சொல்லிக்கொண்டே மதுச்சாலைப் படியிறங்கிப் போனார்.