முற்றுப்புள்ளியை மதிக்காத நொதி

ஆழ்கடல் ஆய்வுக்கூடம், இந்தியப் பெருங்கடலின் தரை.
பதிபவர்: எஸ்தர் ஞானசெல்வி, மரபணு ஆய்வாளர்.
கண்டெடுப்பவர் எதையும் தொடுமுன் முழுவதையும் படிக்கவும்.

மார்ச் 3, காலை 8.10
காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. வெந்நீர் ஊற்றருகே சுரண்டி எடுத்த கூழ், கண்ணாடித் தட்டில். சாம்பல் நிறம். மூக்குச்சளி போல இழுபடுகிறது. வாரக்கணக்கில் கழுவாத மீன்தொட்டியின் நாற்றம். காலைச் சாப்பாடு இறங்கவில்லை. கையுறையில் சிறு கிழிசல். இடது உள்ளங்கையில் கூழ் பட்டது. கிருமிநாசினியில் கழுவிவிட்டேன்.

மார்ச் 5, மாலை 4.30
கூழில் ஒரு நொதி இருக்கிறது. விளக்கிவிடுகிறேன். நம் செல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் உடம்பு முழுவதற்குமான டி.என்.ஏ. இருக்கிறது. தோல் செல்லுக்குள்ளும் பல் செய்யும் குறிப்பு உண்டு, எச்சில் சுரக்கும் குறிப்பு உண்டு. ஆனால் தோல் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டுமே திறக்கும். நம் செல்லில் உள்ள நொதி அந்தப் பக்கத்தை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும், டி எழுத்து வரவேண்டிய இடத்தில் யு போடும், முடிவுக்குறி வந்ததும் நின்றுவிடும்.

கூழின் நொதி நிற்பதில்லை. மூடிய பக்கங்களையும் கிழித்துத் திறந்து படியெடுக்கிறது. செல்லும் வந்த படியையெல்லாம் புரதமாக்கிக் கொட்டுகிறது. தட்டில் வளர்த்த மனிதத் தோல், இன்று மாலை எச்சில் வடித்தது. சீ.

மார்ச் 6, காலை 7.00
இடது உள்ளங்கை ஈரம். வியர்வை என்றுதான் நினைத்தேன். சோதித்தேன். உமிழ்நீர்.

மார்ச் 6, பகல் 1.20
கட்டைவிரல் அடியில் வெள்ளையாக ஏதோ நெருடியது. சாமணத்தால் பிடுங்கினேன். பல். அரிசிக் குருணை அளவு. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். என் கையோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 7, காலை 9.45
கையுறை கரைந்துவிட்டது. தோல் இப்போது இரைப்பை அமிலமும் சுரக்கிறது. எந்தக் காப்பு உடையும் தாங்காது. மேலே கப்பலில் பதினேழு பேர், தனிமை அறை கிடையாது. மாதிரிகள் எல்லாவற்றையும் உலையில் போட்டு எரித்தேன். பொசுங்கியபோது கறி வாசனை. அதுதான் இருப்பதிலேயே கேவலம்.

கப்பலிலிருந்து மீட்புக் கலம் ஓட்டும் ரெக்சனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"எறங்கி வராத மக்கா. இது தொட்டா ஒட்டிக்கும்."

"சும்மா இருங்கக்கா. ஒங்கள அங்க விட்டுட்டு நான் எப்பிடிச் சோறு திம்பேன்? வாறேன்."

"ஒம் பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானங்கூட ஆவல. அதத் தூக்கணும்லா நீ?"

அவன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மார்ச் 8, பகல் 2.05. குரல் பதிவு
கலம் வந்து ஒட்டிவிட்டது. வெளியிலிருந்து கதவுச் சக்கரத்தைத் திருப்புகிறான். உள்பக்கச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். கலத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அவன் திரும்பித்தான் ஆகவேண்டும்.

"கதவத் தொறங்கக்கா! கையெடுத்துக் கும்பிடுறேன்."

"போயிரு மக்கா. எங் கையப் பாத்தா நீயே ஓடிருவ."

"பாக்காமத் தூக்கிட்டுப் போறேன். தொறங்க!"

நான் பிடியை இறுக்கினேன். அழுதான். சக்கரத்தை உலுக்கினான்.

2.50
உலுக்கல் நின்றது. கலம் கழன்ற சத்தம். போய்விட்டான். நல்லது.

3.15
கையை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. சக்கரத்தின் இரும்பு ருசிக்கிறது. நாக்கில் இல்லை, உள்ளங்கையில். உப்பு, துரு, ரெக்சன் உலுக்கிய சூடு.

3.20
இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குமட்ட வேண்டும். காத்திருக்கிறேன்.

குமட்டவில்லை.